விலை வீழும் தக்காளிக்கு மிக்சியில் ஒரு வழி

கோயம்பேடு சந்தையில் ஆந்திர, கர்நாடகத் தக்காளி வந்து குவியும் வாரங்களில் மீஞ்சூர், பொன்னேரி வட்டாரச் சிறு விவசாயிக்குப் பறிகூலியும் வண்டிச் சத்தமும்கூடத் தேறுவதில்லை. கடல் நீர் புகுந்த கிணற்றுப் பாசனத்தில் காய்க்கும் சிறு பழங்களை வியாபாரி ஒதுக்கி விடுகிறார். ஆனால் உப்பு நீரில் விளையும் பழத்தில் தண்ணீர் குறைவு, கெட்டித்தன்மை அதிகம். சட்னிக்கும் சாஸுக்கும் வேண்டியது அதுதானே!

மெக்சிகோ நாட்டில் தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லித் தழையைப் பச்சையாகவே நறுக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு உண்கிறார்கள். இதற்குச் சல்சா என்று பெயர். ஃபுட் பிராசஸரில் செய்வது எளிது. 2011-ல் அரசு விலையில்லா மிக்சி வழங்கத் தொடங்கிய பின் கிராமங்களிலும் மிக்சி பரவிவிட்டது, அதுவே போதும்.

நன்கு பழுத்த, கெட்டியான தக்காளி ஒரு கிலோ எடுத்துக் கழுவி, நான்காக வெட்டி, விதையையும் சாற்றையும் வடித்துக்கொள்ள வேண்டும். சாறு ரசத்திற்கு ஆகும். கால் கிலோ வெங்காயம், ஆறு பச்சை மிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி ஆகியவற்றை முதலில் ஜாரில் இட்டு, விட்டு விட்டு மூன்று நான்கு சுற்று சுற்றவும். பிறகு தக்காளியைச் சேர்த்து இரண்டே சுற்று. ஜார் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. தொடர்ந்து ஓடவிட்டால் காற்று கலந்து நுரைத்து நிறம் வெளிறும்; வெங்காயமும் கசக்கும். இரண்டு எலுமிச்சம் பழச் சாற்றையும் உப்பையும் பரிமாறும் நேரத்தில் கலப்பதே நல்லது. முன்பே உப்பிட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

இதைக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைப்பது தவறு. எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலை வாசல்களில் உள்ள சிற்றுண்டிக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

பச்சைச் சல்சாவைப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க எண்ணுவது ஆபத்து. தக்காளியின் புளிப்பு பாதுகாப்பு எல்லையை ஒட்டியே உள்ளது. pH அளவு 4.6-க்கு மேல் ஏறினால், காற்றில்லாத பாட்டிலுக்குள் உயிரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர இடமுண்டு. வெங்காயமும் மிளகாயும் தழையும் சேரச் சேரப் புளிப்பு குறைகிறது. முகர்ந்து பார்த்து இந்த நஞ்சை அறிய முடியாது.

சேமிக்க வேண்டுமானால் தக்காளியை மட்டும் கூழாக்க வேண்டும். வெட்டிய பழத்தைக் காத்திருக்க விடாமல் உடனே எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைக்கவும். தாமதித்தால் பழத்திலுள்ள நொதிகள் பெக்டினைச் சிதைத்து, கூழ் நீர்த்துவிடும். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். வெந்ததை மிக்சியில் அடித்து, வடிகட்டி, மீண்டும் கொதிக்க வைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெந்நீரில் சுத்தம் செய்த அரை லிட்டர் பாட்டில்களில் சூடாக நிரப்பி மூடவும். பாட்டில்கள் முழுதும் மூழ்கும் கொதிநீரில் 40 நிமிடம் வைத்து எடுக்கவும். வேண்டும்போது பாட்டிலைத் திறந்து வெங்காயம், மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம்.

விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, தயாரித்த தேதியைச் சீட்டில் குறிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவரம் கேட்கலாம்.