ஒரே கணக்கு, இரு இழைகள்

கூட்டுக்கணக்கு ஒன்றில் ரூ.10,000 உள்ளது. கொச்சியில் கணவர் தேவரா ஏ.டி.எம்.மில் ரூ.4,000, மனைவி மட்டாஞ்சேரியில் ரூ.3,000 என ஒரே நொடியில் எடுப்பதாகக் கொள்வோம். கணினியில் ஒவ்வொரு கோரிக்கையையும் ‘த்ரெட்’ எனப்படும் தனி இழை கவனிக்கிறது. இரண்டும் இருப்பை 10,000 என்றே படிக்கின்றன. மனைவியின் இழை கடைசியாக எழுதினால் இருப்பு 7,000. வங்கிக்கு 4,000 நட்டம். இருவரும் பணம் செலுத்தியிருந்தாலோ, இழப்பு வாடிக்கையாளருடையது.

ஆகவே படித்தல், கழித்தல், எழுதுதல் மூன்றும் பிரிக்கவியலாத ஒரே செயலாதல் வேண்டும். 1965இல் டைக்ஸ்ட்ரா இதற்கென விளக்கிய ‘செமஃபோர்’, ரயில்வே கைகாட்டியின் பெயரைக் கொண்டது. ஜாவா மொழியில் ‘சின்க்ரனைஸ்டு’ என்னும் சொல் அப்பகுதியைப் பூட்டுகிறது. ஓர் இழை வெளிவரும்வரை மற்றது காத்திருக்கும். இரண்டும் ஒரே பூட்டை நாடுதல் இன்றியமையாதது.

பூட்டாலும் சிக்கல் உண்டு. பயில்வோர் பெரிதும் இடறுவது இங்கேதான். இரு கணக்குகளுக்கிடையே எதிரெதிர்த் திசையில் பணம் மாற்றும் இழைகள், ஆளுக்கொரு கணக்கைப் பூட்டிக்கொண்டு மற்றதற்காக நின்றால் இரண்டும் நகரா. சிறிய கணக்கு எண்ணையே முதலில் பூட்டுவது என விதித்துக்கொண்டால் இம்முட்டு நேராது. ஜாவாவின் இப்பூட்டு, இயங்கும் அந்த ஒரு நிரலுக்குள் மட்டுமே செல்லும். பல சர்வர்கள் இயங்கும் வங்கியில், தரவுத்தளத்திலேயே அக்கணக்கின் பதிவைப் பூட்டியாக வேண்டும்.