முதுகெலும்பு முறிந்தால் வாழ்க்கை முறிந்ததா?



செம்பனைக் காட்டில் மட்டை கழுத்தில் விழுகிறது. குலை ஏற்றிய டிராக்டர் சரிவில் கவிழ்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் மோட்டார் சைக்கிளோடு சறுக்கிப் பள்ளத்தில் விழுகிறார். ஓடி வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? "தூக்குடா, சீக்கிரம் தூக்கு!" என்று இரண்டு பேர் கக்கத்தைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, லாரியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிட அவசரத்தில், பிழைத்து நடக்கக்கூடிய ஒருவர் ஆயுளுக்கும் நடக்க முடியாதவராகி விடலாம்.

ஏன் அப்படி? முதுகெலும்பை ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே ஓடும் கம்பிதான் தண்டுவடம். மூளையின் கட்டளை கை கால்களுக்குப் போவதும், வலியும் சூடும் மூளைக்கு வருவதும் இதன் வழியாகத்தான். குழாய் உடைந்தாலும் கம்பி அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை. உடைந்த குழாயை நாம் வளைத்து இழுத்தால் கம்பியும் நசுங்கிப் போகும்.

ஆகவே விழுந்தவர் "கால் மரத்துப் போச்சு", "கழுத்து வலிக்குது", "விரலை அசைக்க முடியல" என்றாலோ, நினைவிழந்து கிடந்தாலோ இப்படிச் செய்யுங்கள்:

1. நெருப்பு, ஓடும் வண்டி போன்ற ஆபத்து இல்லையென்றால் அந்த இடத்தை விட்டு அசைக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.
2. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையும் கழுத்தும் திரும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் 999-க்குப் போன் செய்ய வேண்டும்.
3. வாந்தி எடுத்தாலோ, நகர்த்தியே தீர வேண்டும் என்றாலோ, நாலு பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல் தலை, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி திருப்புங்கள். தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும்போதுதான் மற்றவர்கள் அசைக்க வேண்டும். படுக்க வைக்கப் பலகை வேண்டும். கதவுப் பலகையும் போதும்.
4. மூச்சு நின்றிருந்தால் மூச்சைக் கவனிப்பதே முதல் வேலை.

பதறக் கூடாது, அதற்காக வீட்டில் வைத்து நாளைக் கடத்தவும் கூடாது. வட அமெரிக்காவில் 6 மருத்துவ மையங்களில், கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட 313 பேரைக் கவனித்து ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து தண்டுவடத்தின் நெருக்கத்தை நீக்கியவர்களில், 100-க்கு ஏறக்குறைய 20 பேர் ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். தாமதமாகச் செய்தவர்களில் 100-க்கு 9 பேர்தான். "முதலில் எண்ணெய் போட்டு நீவிப் பார்ப்போம், அப்புறம் ஆஸ்பத்திரி" என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, காலில் உணர்ச்சி திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இனி அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். அவ்வளவுதானா?

ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து 1939-ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் அதை ஏற்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு தனிப் பிரிவை அவர் தொடங்கினார். இந்த நோயாளிகளைக் கொல்வது முறிந்த எலும்பு அல்ல, படுக்கைப் புண்ணும் மூத்திரத்தில் சேரும் கிருமியும்தான் என்று அவர் காட்டினார். இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைத்தார். பிறகு உடற்பயிற்சி, பிறகு கைத்தொழில், பிறகு விளையாட்டு. 1948 ஜூலை 29-ல் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்ஸ்.

மூத்திரத்தைப் பற்றியும் ஒரு பெரிய உண்மை பிறகு தெரிய வந்தது. பையில் மூத்திரம் தேங்கி நிற்பதுதான் கிருமி பெருகக் காரணம். நோயாளியே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான சிறு குழாயை உள்ளே விட்டு, நேரம் தவறாமல் மூத்திரத்தை வெளியேற்றினால் போதும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-ல் எழுதினார். பொதுவாக ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை. இந்த முறையால் எத்தனையோ பேரின் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு நோயாளிக்கு இது பொருந்துமா என்று டாக்டரைக் கேளுங்கள்; நர்சிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் சில பாடங்கள்:

படுத்திருப்பவரை 2 மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். இரவில் அம்மா, பிள்ளை, தம்பி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, பக்கவாட்டில் சாயவோ வேண்டும்.

தினமும் காலையில் பிட்டம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருந்தால் அந்த இடத்தில் பாரம் படவிடாதீர்கள். தேய்த்துவிடாதீர்கள்.

உணர்ச்சியில்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தோல் வெந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

கழுத்திலோ நெஞ்சின் மேல்பகுதியிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலியும், முகத்தில் வியர்வையும் வந்தால் அது ஆபத்தின் அடையாளம். இரத்த அழுத்தம் எகிறுகிறது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், மூத்திரக் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"புதுசா ஏதாவது மருந்து வந்திருக்கா?" என்று கேட்பீர்கள். வருகிறது, மெதுவாக. அடிபட்டவுடன் அதிக அளவில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலன் உண்டு என்று 1990-ல் ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. தொற்றுநோய், இரத்தக் கசிவு போன்ற கெடுதல்கள் பிறகு தெரிய வந்தன. 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களே அதை வேண்டாம் என்று அறிவுறுத்தின. அதனால் உங்கள் டாக்டர் அந்த ஊசியைப் போடவில்லை என்றால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

2024-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், கழுத்தில் அடிபட்டுக் கை பலவீனமான 60 பேருக்குக் கைப்பயிற்சியோடு, தோலின் மேலிருந்தே தண்டுவடத்துக்கு இலேசான மின்சாரம் செலுத்தினார்கள். 43 பேருக்குக் கையின் பலமும் பிடியும் கூடின. பயிற்சியோடு சேர்ந்துதான் பலன் என்பதைக் கவனியுங்கள். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பார்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

கடைசியாக, உங்கள் உரிமை. வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ விபத்து நடந்தால், நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் சங்கக் கிளையிடம் வாருங்கள். பணத்தோடு நின்றுவிடாதீர்கள், மறுவாழ்வுப் பயிற்சியையும் கேளுங்கள். அதற்கென்றே 2014-ல் மலாக்காவில் பெர்கேசோ ஒரு மையம் திறந்தது. அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்பது பிச்சையல்ல. அது நம் சம்பளத்தில் பிடித்த சந்தாவின் பலன்.

கால் நடக்காமல் போகலாம். ஆனால் புண் இல்லாத உடம்பும், பழுதில்லாத சிறுநீரகமும், செய்ய ஒரு வேலையும் இருந்தால் மனிதன் வாழ்கிறான். அந்த 2 மணி நேரக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.