நெல்லியாளத்திலிருந்து ஸ்வயம் பாடம்: பாதுகாப்பாகச் சேர்ந்து முடிக்கும் முறை

ஸ்வயம் என்பது ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய இணையவழிப் பாடத் தளம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இதன் வழியே படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். நீலகிரி மாவட்டத்தின் நெல்லியாளம், சேரம்பாடி, தேவாலா பகுதிகளிலிருந்து கூடலூருக்குப் பேருந்தில் போய்ப் படிக்கும் மாணவருக்கு ஐஐடி ஆசிரியர்களின் பாடம் வீட்டிலேயே கிடைப்பது பெரிய வாய்ப்பு.

முதல் வேலை கல்லூரியில் கேட்பது. தேர்ந்தெடுத்த பாடத்துக்குக் கிரெடிட் உண்டா, எந்தத் தாளுக்கு ஈடாகும் என்பதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கணினி அமைப்பு பயன்படும், கையாள எளிது என்ற இரண்டு எண்ணங்களே அதை மக்கள் ஏற்பதைத் தீர்மானிக்கின்றன என்று தகவல் அமைப்பு ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். கிரெடிட் உறுதியாகாத பாடத்தில் முதல் எண்ணமே எழாது.

அடுத்தது கணக்கு. ஸ்வயத்தில் கூகுள் கணக்கு வழியாக நுழையலாம். அந்தக் கணக்கு மாணவருடைய சொந்தப் பெயரில், அவர் மட்டும் அறிந்த கடவுச்சொல்லுடன் இருக்க வேண்டும். அண்ணனுடையதோ பிரவுசிங் சென்டர்காரர் திறந்து கொடுத்ததோ கூடாது.

அதன்பின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. மலையில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். தோட்டத்து லயன் வீடுகளில் ஒரே கைப்பேசி பலருக்குப் பொதுவாக இருப்பதுண்டு. ஓடிபி வரும் நேரத்தில் அது அம்மாவோடு தேயிலைக் காட்டில் இருக்கலாம், சிக்னல் இல்லாத சரிவில் இருக்கலாம். அதனால் பாதுகாப்பையே கைவிட்டுவிடத் தோன்றும், அது தவறு. குறுஞ்செய்திக்குப் பதிலாக ஆத்தென்டிகேட்டர் செயலியை அமைத்தால் சிக்னல் இல்லாத சிக்கல் தீரும். முதலில் ஒருமுறை கணக்கோடு இணைத்தபின், அது கைப்பேசிக்குள் உள்ள ரகசிய எண்ணையும் கடிகாரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒரு புதிய எண்ணைத் தானே உருவாக்கும். இணையமும் சிக்னலும் தேவையில்லை. கடிகாரம் மட்டும் சரியாக ஓட வேண்டும். கூடவே கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். கைப்பேசி கையில் இல்லாத நாளில் அந்தத் தாள்தான் சாவி. பாதுகாப்பு இப்படி வீட்டு நிலைமைக்குப் பொருந்தினால்தான் மாணவர் அதை மனமுவந்து ஏற்பார்.

பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். எழும் முன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும்.

ஸ்வயத்தில் ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களின் காணொளிகளைக் கல்லூரி வைஃபையில் தரவிறக்கிக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் போனாலும் அவை கைவசம் இருக்கும். ஒப்படைப்புகளுக்கு மட்டும் கெடு உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளே கணக்கில் வருவதால், மழையில் ஓரிரு வாரம் தவறினால் பதற வேண்டியதில்லை. மொத்த மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு முறையே 10, 30 வேண்டும்.

பாடத்தில் சேரக் கட்டணமில்லை, தேர்வுக்கு உண்டு. அதை அதிகாரபூர்வத் தளத்தில் மட்டுமே செலுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலோ, சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடமோ பணம் கட்டக் கூடாது. ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். தேர்வு மையம் மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் அமையவும் கூடும் என்பதால் பயணச் செலவை முன்பே ஒதுக்குவது நல்லது.

கடைசியாக, பெற்ற கிரெடிட்டுகள் சேரும் கிரெடிட் வங்கி எண்ணை டிஜிலாக்கர் வழியே பெற வேண்டும். இதற்கு ஆவணங்களில் பெயர் பொருந்த வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து ஒரு சான்றிதழில் முன்னும் இன்னொன்றில் பின்னும் வரும்; ஆதாரில் தந்தை பெயர் விரிந்தும் இருக்கும். ஆதார், கல்லூரிப் பதிவு, ஸ்வயம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே பார்த்துத் திருத்திவிட வேண்டும்.