தாய்மண்ணும் தந்தைமண்ணும்

நுழையும்முன்

ஒருவர் எந்நாட்டவர் என்பதைப் பிறந்த மண் முடிவு செய்கிறதா, பெற்றோரின் குருதி முடிவு செய்கிறதா, சட்டம் முடிவு செய்கிறதா? இவ்வினாவை விளையாட்டுக் களத்தில் எதிர்கொண்ட கால்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையைப் பேசுகிறது இக்கட்டுரை.

இரு கரைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி, பாக் நீரிணையின் கரையில் அமைந்த ஊர் கட்டுமாவடி. மீன்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. இப்பகுதியின் கடற்கரை ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றோர் பலர். சிலர் பொருளீட்டித் திரும்பினர். சிலர் அங்கேயே குடும்பம் அமைத்தனர். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பாட்டனின் மொழியைப் பேசிக்கொண்டே விமான நிலையத்தில் வேற்றுநாட்டுக் கடவுச்சீட்டை நீட்டுகின்றனர். 'நம் வீட்டுப் பிள்ளை' என்கிறது ஊர்; 'அயல்நாட்டவர்' என்கிறது அரசுப் பதிவேடு. இரண்டும் உண்மையே.

இதே நிலையில் பிறந்தவர் அராட்டா இசுமி. குஜராத்தி வழிவந்த இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் 1982 ஜூலை 31 அன்று ஜப்பானின் ஷிமோனோசெகி நகரில் அவர் பிறந்தார். அந்நகரும் ஒரு நீரிணையின் கரையிலேயே உள்ளது. அதுவும் மீன்சந்தைக்குப் புகழ்பெற்றது. நம் கரையில் வலையில் விழுந்தால் நச்சு மீனென்று வீசியெறியப்படும் பேத்தை, அங்கே தேர்ந்த சமையற்கலைஞர்கள் மட்டுமே அறுத்துப் பரிமாறும் விலைமிக்க உணவு. ஒரே பொருளின் மதிப்பு கரைக்குக் கரை மாறுவது மீனுக்கு மட்டும் உரியதன்று.

களங்கள் பல

ஜப்பானின் நீகாட்டா நகரைச் சார்ந்த அல்பிரெக்ஸ் கழகம் சிங்கப்பூர்த் தொழில்முறைப் போட்டித்தொடரில் ஆடுவதற்கென ஜப்பானிய வீரர்களைக் கொண்ட அணியொன்றை நடத்தி வந்தது. அவ்வணிக்காக ஆடியபின், 2006ஆம் ஆண்டில் அராட்டா கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். தந்தையின் நாட்டுக்கு மகன் வந்தது இப்படித்தான். உறவைத் தேடியன்று, தொழிலை நாடி. அடுத்த ஆண்டு மும்பையின் மஹிந்திரா யுனைடெட், 2009இல் புனே கழகம் என அவரது பயணம் தொடர்ந்தது.

அவர் முன்களத்திலும் அதற்குச் சற்றுப் பின்னரும் நின்று ஆடுபவர். வலிமையால் மோதிக் கோலடிப்பவர் என்பதைவிட, தடுப்பாளர்களுக்கிடையே இடம் கண்டு நுழைபவர் என்பதே பொருந்தும். 2012–13 ஐ-லீக் தொடரில் புனே கழகம் இரண்டாமிடம் பெற்றபோது அவர் அவ்வணியின் தூண்களுள் ஒருவராக இருந்தார்.

தந்தை இந்தியர் என்றாலும், ஜப்பானியக் கடவுச்சீட்டு கையிலிருந்தவரை கழகங்கள் அவரை அயல்நாட்டு வீரராகவே பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அயல்நாட்டவருக்கென ஒதுக்கப்பட்ட ஒருசில இடங்களுக்குப் பிரேசில், நைஜீரியா முதலிய நாடுகளின் வீரர்களோடு அவர் போட்டியிட்டாக வேண்டும். இந்திய அணியில் ஆடுவதோ எண்ணிப்பார்க்கவும் இயலாதது.

ஒன்றைத் துறந்தே மற்றொன்று

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் உறுப்பும் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய வழியினருக்கு வழங்கப்படும் சிறப்பு அட்டைகள் வந்துபோவதற்கும் தங்குவதற்கும் உதவும். அவை குடியுரிமை ஆகா. அவ்வட்டைகளை வைத்திருப்போர் நாட்டின் சார்பில் விளையாட இயலாது என 2008இல் நடுவண் அரசு முடிவு செய்தது. எனவே, நாட்டுக்காக ஆட விரும்பும் இந்திய வழியினர், தாம் பிறந்த நாட்டின் குடியுரிமையைக் கைவிட்டாக வேண்டும்.

அராட்டா அதைச் செய்தார். 2012இல் இந்தியக் குடிமகனானார். நீல்காந்த் கம்போல்ஜா என்னும் இந்தியப் பெயரும் அவருக்கு உரியதாயிற்று.

இம்முடிவை வெறும் நாட்டுப்பற்றின் வெளிப்பாடாக மட்டும் காண்பது முழுமையாகாது. குடியுரிமை மாறியதும், அயல்நாட்டு வீரருக்கான இடத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலை நீங்கியது. ஒரு தொழில்முறை வீரருக்கு அது சிறிய நன்மையன்று. 1998 முதல் ஒவ்வோர் உலகக்கோப்பையிலும் ஆடிவரும் ஜப்பானின் தேசிய அணியில் இடம்பெறும் வாய்ப்பும் அவருக்கு நெருக்கத்தில் இல்லை. ஆயினும் இழப்பு உண்மையானதே. உலகின் பெரும்பாலான நாடுகள் விசாவின்றி ஏற்கும் கடவுச்சீட்டை அவர் ஒப்படைத்தார். தாம் பிறந்து வளர்ந்த ஊருக்குச் செல்லவும் இனி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டு, முப்பது வயதில், அவர் இந்திய அணியின் சீருடையை அணிந்தார். பெரும்பாலான முன்கள வீரர்களுக்கு ஆட்டத்தின் உச்சம் கடக்கத் தொடங்கும் வயது அது. நாட்டுக்காக அவர் ஆடியவை பத்துக்கும் குறைவான ஆட்டங்களே. 2015ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக்கில் கொல்கத்தா அணிக்காக ஐந்து கோல்கள் அடித்து, தம் கால்களில் ஆட்டம் மிஞ்சியிருப்பதை அவர் காட்டினார். பின்னர்க் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிலும் ஆடி, ஓய்வுக்குப்பின் இந்தியச் சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியை மேற்கொண்டார்.

பிற நாடுகளில்

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி இத்துணைக் கடுமையானதன்று. ஒரு நாட்டின் குடியுரிமையோடு, அங்கே பிறந்தவராகவோ, பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியர் அங்கே பிறந்தவர்களாகவோ இருந்தால் அந்நாட்டுக்கு ஆடலாம். தடையாக நிற்பது விளையாட்டு விதியன்று. அந்தந்த நாட்டின் குடியுரிமைச் சட்டமே.

கட்டுமாவடிக்கு எதிரே, நீரிணையின் மறுகரையிலுள்ள இலங்கை இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை அந்நாட்டு அணி வரவேற்கிறது. இலங்கை வழிவந்து பெர்லினில் பிறந்த வசீம் ரசீக், 2021இல் லெபனானுக்கு எதிரான உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் இலங்கைக்காக இரண்டு கோல்களையும் அடித்தார். அவ்வாட்டத்தில் இலங்கை 2–3 எனத் தோற்றாலும், தன்னைவிடப் பன்மடங்கு வலிய அணியை அது அச்சுறுத்தியது. ஜப்பானோ இந்தியாவைப் போலவே கடுமை காட்டுவது. பிரேசிலில் பிறந்த ரூய் ராமோஸ் 1989இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, 1992இல் ஆசியக் கோப்பையை வென்ற ஜப்பான் அணியில் ஆடினார்.

அயல்நாட்டில் பிறந்தோரைச் சேர்த்தால் உள்ளூர் இளைஞரின் இடம் பறிபோகும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால், அராட்டா வந்தபின் எத்தனை பேர் அவரைத் தொடர்ந்தனர் என்பதையும் நோக்க வேண்டும். நியூகாசிலில் பிறந்த இந்திய வழியினரான மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட விரும்பியும் அது நிறைவேறவில்லை. 2025 நவம்பரில்தான், ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் தம் பழைய குடியுரிமையைத் துறந்து இந்திய அணியின் பயிற்சி முகாமில் இணைந்தார். அராட்டாவுக்கு இந்தியா தந்தையின் நாடு. மும்பையில் பிறந்த தாயின் மகனான வில்லியம்ஸுக்கு அது தாயின் நாடு. இருவரும் குடியுரிமை பெற்ற ஆண்டுகளுக்கு இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.