ரம்தாவிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி ஆண்டு மலருக்காக நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சிரிய அகதிகள் என்றதும் பாலைவனம், கூடாரம், கையேந்தும் குழந்தை என்று நின்றுவிட்டாய். ஜோர்டானின் ஸாத்தரி முகாமைப் பற்றி எழுதுகிறவன் ரம்தாவிலிருந்து தொடங்க வேண்டும்.

ரம்தா ஜோர்டானின் வட எல்லை ஊர். சில கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு அந்தப்பக்கம், சிரியாவின் தெரா. இரண்டும் ஹவ்ரான் சமவெளியில் இருப்பவை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இரு பக்கமும் உண்டு. ரம்தாவில் பலருக்கு எல்லைதான் பிழைப்பாக இருந்தது. காரை எடுத்துக்கொண்டு தெராவுக்கோ டமாஸ்கஸுக்கோ போய், துணிமணி, இனிப்பு, சிகரெட் என்று அங்கே மலிவாகக் கிடைப்பதை ஏற்றிவந்து விற்பார்கள். கடலே இல்லாத ஊரில் இவர்களுக்கு மாலுமிகள் என்று பெயர்!

தெராவில் பள்ளிச் சுவரில் சிரிய அதிபர் அசாதுக்கு எதிராகக் கிறுக்கிய சிறுவர்களைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். 2011 மார்ச்சில் ஊரே தெருவுக்கு வந்தது. அரசுப் படைகள் சுட்டன. அது உள்நாட்டுப் போராக முற்றியது. முதலில் தப்பி வந்தவர்களில் பலரை ரம்தாவின் உறவினர்கள்தான் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வீடுகள் தாங்காத நிலையில்தான், 2012 ஜூலை 28 அன்று, மஃப்ராக் நகருக்கு அருகே ஸாத்தரி திறக்கப்பட்டது. எல்லையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஓராண்டுக்குள் ஐந்து சதுர கிலோமீட்டர் சொச்ச இடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

இனிமேல்தான் நீ கவனிக்க வேண்டியது. ஐ.நா. அகதிகள் முகமை கூடாரங்களையும், பிறகு கேரவன் எனப்படும் தகர வீடுகளையும் கொடுத்தது. அதிகாரிகள் நேர்வரிசையில் வைத்ததை மக்கள் கலைத்தார்கள். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சக்கரம் பூட்டி வண்டி செய்தார்கள். கேரவனை அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டுபோய்ச் சொந்தக்காரர் பக்கத்தில் இறக்கினார்கள். இரண்டு மூன்றை எதிரெதிரே போட்டால் நடுவில் முற்றம் கிடைக்கும். சிரியாவின் பழைய வீடுகளின் அமைப்பே அதுதான். சிலர் முற்றத்தில் சின்ன நீரூற்றுகூடக் கட்டினார்கள். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த காலத்தில் நீரூற்றா என்று கேட்பாய். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை.

மின்சாரத்துக்குத் தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டார்கள். மாதந்தோறும் பல லட்சம் டாலர் கட்டணம் ஐ.நா. தலையில் விழுந்தது. இரவில் சில மணி நேரம் மட்டும் என்று முகமை கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 2017இல் ஜெர்மனியின் பணத்தில் 12.9 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் சீரானது. கடைத்தெருவுக்குக் கேலியாகப் பாரிஸின் பெரிய வீதி ஒன்றின் பெயரை வைத்தார்கள். ஃபலாஃபல், சைக்கிள் ரிப்பேர், கூண்டுப் பறவை, வாடகைக்குக் கல்யாண கவுன் என்று ஏறத்தாழ 3,000 கடைகள். 2016இல் முகாமின் சூப்பர் மார்க்கெட்டில் கருவிழியை ஸ்கேன் செய்தால் உதவித்தொகைக் கணக்கில் பணம் கழியும் முறை வந்தது. வசதிதான், ஆனால் கண்ணைக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் நிலையில் யார் இருந்தார்கள்?

இதைப் படித்துவிட்டு முகாமைக் கொண்டாடவும் வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாது. ஜோர்டான் குடிமகன் ஒருவர் ஜாமீன் நின்றால் முகாமை விட்டு வெளியே குடியேறலாம் என்றிருந்த வழியும் 2015 தொடக்கத்தில் அடைபட்டது. அதற்கு முன்பே பெரும்பாலோர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மஃப்ராக்கில் வாடகை எகிறியது. பள்ளிகள் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பிற்பகலில் சிரியப் பிள்ளைகளுக்குமாக இரண்டு ஷிப்ட் ஓடின. தண்ணீருக்குத் தவிக்கும் நாட்டில் உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்ததைப் பொறாமை என்று நீ எழுதியது அநியாயம். ரம்தாவின் மாலுமிகளும் நொடித்தார்கள். சிரியாவுக்குப் போகும் நசீப் எல்லைவாயில் 2015இல் மூடப்பட்டு 2018இல்தான் திறந்தது. மறு ஆண்டே ஜோர்டான் அரசு சிகரெட் கொண்டுவரக் கட்டுப்பாடு விதித்தபோது ரம்தாவில் கலவரம் வெடித்தது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் ஜோர்டான் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இடவில்லை. ஜோர்டானில் சிரியர்கள் இருப்பதைப் போலவே, 1983 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டின் முகாம்களில் இருப்பதும் சட்ட உரிமையால் அல்ல, அரசின் தயவால்தான். இந்த வரியைக் கட்டுரையில் கட்டாயம் சேர்.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தது. பலர் ஊர் திரும்புகிறார்கள். வீடு இடிந்தவர்களும், முகாமிலேயே பிறந்து சிரியாவைப் பார்க்காத பிள்ளைகளைப் பெற்றவர்களும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைப்பில் இருக்கும் ‘கண்ணீர்’ என்ற சொல்லை எடுத்துவிடு. திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்