எதை முதலில் ஓதுவது?

வாசகர் கேள்விகளுக்கு மத்ரஸா ஆசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: கல்லூரி முடித்துவிட்டேன். மார்க்கக் கல்வியை முறையாகப் படிக்க ஆசை. தஃப்ஸீரிலிருந்து தொடங்கலாமா ஹஜ்ரத்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: வேண்டாம் தம்பி. வசனம் எந்தச் சூழலில் இறங்கியது, நபி (ஸல்) அதை எப்படி விளக்கினார்கள், அரபியில் அந்தச் சொல்லுக்கு என்னென்ன பொருள் என்பதெல்லாம் கூடி வருவதுதான் தஃப்ஸீர். அது மேல்படி. ஓதலைத் திருத்தும் தஜ்வீத் முதலில். அடுத்து ஈமானின் அடிப்படைகளைச் சொல்லும் அகீதாவும், தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கலுக்கான ஃபிக்ஹும். பிறகு நஹ்வு, ஸர்ஃபு என்னும் அரபு இலக்கணம். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தவர்கள் ஆறே மாதத்தில் ஃபத்வா கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அல்ஹம்து சூராவை ஓதச் சொன்னால் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீனைப் பார்த்து ஓதுகிறேன். அது போதாதா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: போதாதம்மா. 'கல்பு' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். அடிநாக்கு உள்ளண்ணத்தில் பட்டு அழுத்தமாக எழுந்தால் அதற்கு இதயம் என்று பொருள். சற்று முன்னே வந்து மெலிந்தால் நாய் என்று பொருள். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'க'தான். வயதை நினைத்துத் தயங்காதீர்கள். நாளுக்கு ஓர் எழுத்து என்றாலும் 28 எழுத்தும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். மத்ரஸா போகும் பேத்தி இருந்தால் அவளிடமே உட்கார்ந்து ஓதுங்கள்.

கேள்வி: ஒரு துஆவை 11 பேருக்கு அனுப்பினால் நாட்டம் நிறைவேறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பலாமா?
– வாசகர், கோவை

பதில்: கூடாது. அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஹதீஸின் கருத்து தெரிந்தால் போதாதா? யார் யாரிடம் கேட்டார் என்ற பெயர் வரிசை எதற்கு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த வரிசை இல்லாவிட்டால் ஹதீஸ் கலையே இல்லை. புகாரியின் முதல் ஹதீஸை எடுங்கள், எண்ணத்தைப் பற்றியது. உமர் (ரலி) அவர்களிடம் அல்கமா கேட்டார். அவரிடம் முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவரிடம் யஹ்யா இப்னு ஸயீத், அவரிடம் ஸுஃப்யான், அவரிடம் ஹுமைதி, அவரிடம் இமாம் புகாரி. ஹிஜ்ரி 256இல் மவுத்தான புகாரிக்கும் நபிக்கும் (ஸல்) நடுவே ஆறே பேர். ஒவ்வொருவரும் எங்கே வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார், நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று தேடித் தேடி எழுதிவைத்திருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டால், யாரும் எதையும் நபியின் பேரில் சொல்லிவிடலாம்.

கேள்வி: என் பிறந்த ஊர் காயல்பட்டினம், நாங்கள் ஷாஃபி. கணவர் வீட்டார் ஹனஃபி. ஸுப்ஹில் நான் குனூத் ஓதுவது தவறு என்கிறார் மாமி.
– வாசகி, திருச்சி

பதில்: தவறே இல்லை, நிம்மதியாக ஓதுங்கள். ஷாஃபி மத்ஹபில் ஸுப்ஹில் குனூத் ஸுன்னத். ஹனஃபியில் குனூத் வித்ருக்கு உரியது. இருவருக்கும் ஆதாரம் உண்டு. ஆதாரத்திலிருந்து சட்டத்தை எப்படி எடுப்பது, கருத்து ஏன் வேறுபடுகிறது என்று கற்பிக்கும் கலை உஸூலுல் ஃபிக்ஹ். அதில் 'ரிஸாலா' எழுதிய இமாம் ஷாஃபி, அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் இப்னு ஹஸனிடம் பாடம் கேட்டவர். மாமியிடம் இதை அன்போடு சொல்லுங்கள்.

கேள்வி: வாப்பா மவுத்தாகிவிட்டார். உம்மா, வாப்பாவின் உம்மா, நான், தங்கை இருக்கிறோம்; வேறு வாரிசு இல்லை. தங்கைக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோம். அவளுக்கும் பங்கு உண்டா?
– வாசகர், கீழக்கரை

பதில்: உண்டு. கேட்கவே கூடாத கேள்வி இது. தொழுகையின் ரக்அத்துகளை ஹதீஸிலிருந்துதான் அறிகிறோம். வாரிசுப் பங்கை மட்டும் அரை, கால், அரைக்கால், ஆறில் ஒன்று என்று குர்ஆனே நிஸா சூராவில் பின்னமாகச் சொல்லிவிட்டது. இதைக் கற்பிக்கும் கலைக்கு ஃபராயிள் என்று பெயர். ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர்கள்கூட இந்த ஒரு பாடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று பயந்து போட்ட கையெழுத்து, மனமொப்பி விட்டுக்கொடுத்தது ஆகுமா? வாப்பா செய்த சீர் அவர் பிரியத்தில் கொடுத்தது. வாரிசுப் பங்கு அல்லாஹ் கொடுத்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கணக்கு இதோ. அடக்கச் செலவு, உம்மாவின் மஹர் பாக்கி உட்பட எல்லாக் கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக, மீதியை 72 பங்காக்குங்கள். உம்மாவுக்கு அரைக்கால், 9. வாப்பாவின் உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 12. மிச்சம் 51இல் உங்களுக்கு 34, தங்கைக்கு 17.

பத்திரங்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் ஊர் ஆலிமிடம் போங்கள். போகும்போது தங்கையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.