மகால் தூண் படத்தில் மட்டும் ஏன் சாய்கிறது?

கேள்வி: நானும் எங்கள் தெருத் தோழிகள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் கட்டடங்களைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். வளைவு, வட்டம், படிவரிசை என்று வடிவங்களைத் தேடிப் பிடிப்பதில்தான் எங்களுக்கு ஆசை. ஆனால் திருமலை நாயக்கர் மகாலில் எடுத்தால் தூண்கள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. படத்தைக் காட்டினால் "சூப்பர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒருத்தி மட்டும் ஒரு படத்தை "சரியில்லை" என்றாள். எடுத்தவள் அன்றிலிருந்து படம் காட்டுவதையே நிறுத்திவிட்டாள். தூண் நிமிரவும், எங்கள் பேச்சு உருப்படவும் வழி சொல்லுங்களேன்.
— வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: தூண் சாயக் காரணம் உங்கள் மணிக்கட்டு. வளைவின் உச்சியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று போனை மேல்நோக்கிச் சாய்க்கிறீர்கள். போன் தூணுக்கு இணையாக நிமிர்ந்து நிற்கும்வரை நேர்க்கோடுகள் நேராகவே விழும். சாய்த்தவுடன், எட்ட இருக்கும் உச்சி சிறுத்து, தூண்கள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். ஆகவே போனை நிமிர்த்திப் பிடியுங்கள். உச்சி வெட்டுப்பட்டால் பின்னால் நடங்கள். மகாலின் முற்றத்தில் நடக்க இடம் தாராளமாக இருக்கிறது. படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வந்தால் வரட்டும், பிறகு வெட்டிவிடலாம். இடம் போதவில்லை என்று கேமராவின் 0.5 லென்ஸுக்குப் போகாதீர்கள், அந்த லென்ஸில் ஓரத்துத் தூண்கள் இழுபட்டுத் தடித்துவிடும். ஸ்னாப்சீட் போன்ற செயலிகளில் சாய்வை நிமிர்த்தும் வசதி உண்டு. அதை மிச்சமிருக்கும் சிறு பிசகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நட்டநடுவில் நிற்பது. வளைவுக்குள் வளைவாகப் போகும் தாழ்வாரத்தில் ஒரு சாண் விலகினாலும் படம் கெட்டுவிடும். கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டாம். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, முன்னால் நிற்கும் தூணுக்கும் அதன் பின்னால் எட்டிப்பார்க்கும் அடுத்த தூணுக்கும் இடையே தெரியும் சந்தைக் கவனியுங்கள். இடப்பக்கச் சந்தும் வலப்பக்கச் சந்தும் ஒரே அளவானால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். வலச்சந்து பெரிதாகத் தெரிந்தால் வலப்பக்கம் கொஞ்சம் நகருங்கள். வடிவம் கட்டடத்தில் எப்போதும் இருக்கிறது. அது படத்துக்குள் வருவதும் வராததும் நம் கால் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதே என் உறுதியான எண்ணம்.

மகாலின் சொர்க்கவிலாச மண்டபக் குவிமாடத்துக்கு அண்ணாந்து கழுத்தை ஒடிக்க வேண்டியதில்லை. ஆட்கள் நடக்காத, அனுமதி உள்ள இடமாகப் பார்த்துப் போனைத் தரையில் மல்லாக்க வைத்து, முன்பக்கக் கேமராவில் பத்து விநாடி டைமர் போட்டு விலகிக்கொள்ளுங்கள். தரையும் போனும் ஒரே மட்டம் என்பதால் வட்டம் வட்டமாகவே கிடைக்கும். சற்று நகர்த்தி நகர்த்தி வைத்தால் குவிமாடத்தின் மையம் படத்தின் மையத்துக்கு வந்துவிடும்.

இதே மகாலை 1858-இல் லின்னேயஸ் டிரைப் படமெடுத்திருக்கிறார். ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். கனத்த கேமராவைத் தாங்கியில் ஏற்றி நீண்ட நேரம் ஒளியை உள்ளே விடவேண்டும், ஆகவே எங்கே நிற்பது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். 1636-இல் கட்டியதாகச் சொல்லப்படும் மகால் அவர் காலத்தில் சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பிறகு அதைப் பழுதுபார்க்க வைத்தார். டிரைப் எடுத்த மதுரைப் படங்களை இணையத்தில் பார்க்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர் கேமரா எங்கே நின்றிருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து தேடுங்கள். எனக்குத் தெரிந்த பயிற்சிகளில் இதைவிட நல்லது இல்லை.

இனி உங்கள் பேச்சு. "சூப்பர்" என்பதும் "சரியில்லை" என்பதும் ஒரே ஜாதி. இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி மகாலுக்குப் போய் எதுவும் செய்ய முடியாது. "வலச்சந்து பெரிதாகத் தெரிகிறது, அரையடி வலப்பக்கம் நின்று பார்" என்று உங்கள் தோழி சொல்லியிருந்தால், எடுத்தவள் அடுத்த ஞாயிறே போய்ச் சோதித்திருப்பாள். சொன்னது தப்பாகவும் இருக்கலாம், அதனால் யாருக்கும் குறைவில்லை. எனவே ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சோதிக்கக்கூடியதை மட்டும் சொல்வது. அதற்கு முன்னால், எடுத்தவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் தங்கள் கண் முதலில் எங்கே போனது என்று சொல்லட்டும். வளைவுக்காக எடுத்த படத்தில் மூவர் கண்ணும் மூலையில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலுக்குப் போனால், தீர்ப்பு சொல்லத் தேவையே இல்லை.

கைபேசித் திரையில் பார்த்துக் கருத்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. மாதம் ஒருமுறையாவது ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போடுங்கள். பிரிண்டைத் தலைகீழாகத் திருப்பினால் மகால் மறைந்து கோடும் வளைவும் மட்டும் மிஞ்சும்; எந்தப் பக்கம் கனக்கிறது என்று அப்போது தெரியும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். எவ்வளவை வெட்டலாம் என்ற விவாதம் அட்டையை நகர்த்தும்போதே தீர்ந்துவிடும். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேவின் கட்டடங்களைப் படமெடுத்த லூசியன் எர்வே தன் பிரிண்டுகளைக் கத்தரிக்கோலால் தயங்காமல் வெட்டியவர். சண்டிகரின் கான்கிரீட் கட்டடங்களை வெறும் நிழலும் கோணமுமாக அவர் காட்டிய படங்களைத் தேடிப் பாருங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, அந்த ஏக்கம் வேண்டாம். திருமலை நாயக்கரே வெட்டிய வண்டியூர் தெப்பக்குளத்தில் படிகளும் மைய மண்டபமும் காத்திருக்கின்றன. ஒரு கரையின் சரிபாதியில் நின்றால் போதும். உங்கள் வில்லாபுரத்தின் அடுக்குமாடிகளும் சளைத்தவை அல்ல. மாடிப்படி, சிமென்ட் ஜாலி, சன்ஷேடு எல்லாமே சுத்தமான வடிவங்கள். ஆனால் அவை வீடுகள். குடியிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு பிரிண்ட்டும் கொடுங்கள்.

வெளிச்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சித்திரை பிறக்கும் வாரத்தில், ஏப்ரல் 15-ஐ ஒட்டி, மதுரையில் நண்பகல் 12.15 தாண்டியதும் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வரும். கம்பத்துக்கு நிழலே இருக்காது. சுவரில் அரை அங்குலம் துருத்தியிருக்கும் விளிம்பு கூட நேர்கீழாக நீண்ட நிழலை இறக்கும். வெறும் சன்ஷேடு வரிசை அன்று கறுப்புக் கட்டங்களாகிவிடும். சில நிமிடங்களில் கலைந்துவிடும் என்பதால், நிற்கும் இடத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள். ஏப்ரலைத் தவறவிட்டால் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அது மறுபடி வரும்.